உறுப்பினர் அல்லாதோர் பேசலாமா? – அவைக்கூட்ட விதி ஒன்றின் வரலாறு



சில ஆண்டுகளுக்கு முன்னர் நான் பணியாற்றிய தமிழ்ப்பள்ளி ஒன்றில் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டம் நடைபெற்றது. கூட்டக் குறிப்பு எழுதும் பொறுப்பு எனக்கு வழங்கப்பட்டிருந்தது. தலைவர் உரை, செயலாளர் அறிக்கை, கணக்கறிக்கை, புதிய செயலவைத் தேர்வு என எல்லாம் முறைப்படி நடந்து முடிந்தன. இறுதி அங்கமான ‘பொது’ வந்தபோது பின்வரிசையில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர் எழுந்து நின்றார். அவருடைய மகனும் மருமகளும் சிங்கப்பூரில் வேலை செய்தனர். பேரப்பிள்ளைகள் இருவரையும் பள்ளிக்கு அனுப்பி வளர்த்து வந்தவர் அவரே.

“ஐயா, நான் ஒரு வார்த்தை சொல்லலாமா?” என்று கேட்டார்.

“பாட்டி, நீங்கள் சங்கத்தில் உறுப்பினர் இல்லையே. மகனோ மருமகளோ வந்தால் பேசச் சொல்லுங்கள். இப்போது உட்காருங்கள்” என்றார் தலைவர். அவர் கடுமையாகச் சொல்லவில்லை. சிரித்த முகத்தோடுதான் சொன்னார். பாட்டியும் தலையசைத்துவிட்டு அமர்ந்துகொண்டார். நான் என் குறிப்பேட்டில், ‘வேறு கேள்விகள் எழவில்லை. கூட்டம் மதியம் 12.15க்கு நிறைவுற்றது’ என்று எழுதி முடித்தேன்.

மறுநாள் பள்ளி வாசலில் அவரைக் கண்டபோது, நேற்று என்ன சொல்ல வந்தீர்கள் என்று கேட்டேன். பள்ளிப் பேருந்து ஓட்டுநர் இரண்டு நடை ஓட்ட வேண்டியிருப்பதால், முதல் நடைப் பிள்ளைகளை விடியுமுன்னரே இறக்கிவிட்டுப் போய்விடுகிறார். வாயிற்கதவு திறக்கும் வரை சிறு பிள்ளைகள் சாலையோரத்தில் இருட்டில் நிற்கின்றனர். இதைத்தான் அவர் சொல்ல வந்தார். தலைமையாசிரியரிடம் இச்செய்தியைக் கொண்டு சேர்த்தேன். அடுத்த வாரம் முதல் பாதுகாவலர் முன்னதாகவே கதவைத் திறந்துவிட்டார். இவ்வளவு எளிதாகத் தீரக்கூடிய செய்தி, இருநூறு பேர் கூடிய அவையில் சொல்லப்படாமலேயே போயிற்று.

தலைவர்மீது குறை சொல்ல எனக்கு மனமில்லை. தாம் அறிந்த விதியை அவர் பின்பற்றினார். ஆயின், அவ்விதி எங்கிருந்து வந்தது? உறுப்பினர் அல்லாதவர் அவையில் பேசுவதைப் பற்றி உலகம் என்னென்ன விதிகளை வகுத்துள்ளது? அவற்றைத் தேடிப் படித்ததன் பயனே இக்கட்டுரை.

மன்றாடுதல் என்னும் சொல்

நம் பள்ளிகளில் ‘மேலாளர் வாரியம்’ என்கிறோம். இந்த ‘வாரியம்’ என்னும் சொல் நேற்று முளைத்ததன்று. முதலாம் பராந்தக சோழனின் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலிய குழுக்களைக் காண்கிறோம். குடவோலை முறையை நாம் ஆண்டுதோறும் மாணவர்க்குப் பெருமையோடு கற்பிக்கிறோம். வாரியத்தில் இடம்பெறுபவர் 35 வயதுக்கு மேல் 70 வயதுக்குள் இருத்தல் வேண்டும்; வரி செலுத்தும் நிலம் வேண்டும்; சொந்த மனையில் வீடு வேண்டும்; கல்வி வேண்டும்; முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவராயின் இடமில்லை. இவை யாவும் நாம் அறிந்தவை.

அதற்கும் முற்பட்டது, திருநெல்வேலிப் பகுதியிலுள்ள மானூரின் கல்வெட்டு. ஏறத்தாழ கி.பி. 800ஐ ஒட்டிய பாண்டியர் காலத்தது. ஊர்ச்சபையில் யார் கலந்துகொண்டு பேசலாம் என்பதை அது வரையறுக்கிறது. நிலத்தில் பங்குடையவராகவும் கற்றவராகவும் நல்லொழுக்கம் உடையவராகவும் இருப்போர்க்கே அவ்வுரிமை. சபையில் எது சொன்னாலும் ‘அன்று, அன்று’ என்று மறுத்துக்கொண்டே இருப்பவர்க்கு ஐந்து காசு தண்டம் என்றும் அக்கல்வெட்டு கூறுகிறது. கூட்டங்களில் எல்லாவற்றுக்கும் முட்டுக்கட்டை போடுபவர் அந்நாளிலும் இருந்திருக்கின்றனர் போலும்!

மன்றத்தில் பங்கேற்றுப் பேசுவதைக் குறித்த பழஞ்சொல் ‘மன்றாடுதல்’ என்பதாகும். இன்றோ மன்றாடுதல் என்றால் கெஞ்சுதல், இறைஞ்சுதல் என்றே பொருள் கொள்கிறோம். மன்றத்திற்குள் இருப்பவர்க்கு அது உரிமை. வெளியே நிற்பவர்க்கு அது வேண்டுகோள். ஒரே சொல் இரு பொருளையும் சுமந்து நிற்கிறது.

இவ்விடத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். உத்திரமேரூரும் மானூரும் அந்தணர்க்கு வழங்கப்பட்ட ஊர்களின் சபைகள். குடவோலை எடுக்கும் நாளில் சிறியோர் முதல் பெரியோர் வரை மகாசபை நிறைந்து கூட வேண்டும் என விதி இருந்தது. ஆயின் நிலமற்ற உழைப்பாளிக்கோ, பெண்டிர்க்கோ அச்சபைகளில் நாவில்லை. விதி நுட்பமாக இருந்தது. வாசல் குறுகலாக இருந்தது. பழம்பெருமை பேசும்போது இதனையும் மாணவர்க்குச் சொல்வதே நேர்மை.

நாடாளுமன்றத்தில் ‘அந்நியர்’

இன்று நாம் நடத்தும் கூட்டமுறையின் பெரும்பகுதி ஆங்கிலேயர் வழியே வந்தது. இலண்டன் நாடாளுமன்றத்தின் மக்களவையில், உறுப்பினரோ அவை அலுவலரோ அல்லாத ஒவ்வொருவரும் ‘அந்நியர்’ என்றே அழைக்கப்பட்டனர். பார்வையாளர் மாடத்தில் அமர்ந்திருப்பவர் அரச குடும்பத்தவராயினும் அந்நியரே. 1875ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அயர்லாந்து உறுப்பினர் சோசப் பிகர் எழுந்து, அந்நியர் இருப்பதாகச் சுட்டிக்காட்டினார். உடனே மாடம் காலி செய்யப்பட்டது. அன்று மாடத்தில் இருந்து வெளியேற நேர்ந்தவர்களுள் பின்னாளில் ஏழாம் எட்வர்ட் மன்னராக முடிசூடிய வேல்ஸ் இளவரசரும் ஒருவர்! ஒரே உறுப்பினர் இவ்வாறு செய்யக்கூடிய விதி அதன் பின்னரே மாற்றப்பட்டது. ‘அந்நியர்’ என்னும் சொல்லைக் கைவிட்டுப் ‘பொதுமக்கள்’ என வழங்க மக்களவை முடிவெடுத்தது 2004ஆம் ஆண்டில்தான்.

எனினும் அந்நியர் பேசவே முடியாதென்று அவ்வவை சொல்லவில்லை. அவைக்குள் நுழையும் இடத்தில் ஒரு தடுப்பு உண்டு. அவை அழைத்தால், அத்தடுப்பின் அருகே நின்று வெளியார் தம் கருத்தைச் சொல்லலாம். 1766ஆம் ஆண்டு பிப்ரவரியில் பெஞ்சமின் பிராங்கிளின் அவ்வாறு மக்களவையின் முன் நின்றார். அமெரிக்கக் குடியேற்றங்களின்மீது விதிக்கப்பட்ட முத்திரைத்தாள் வரியைப் பற்றி உறுப்பினர்கள் தொடுத்த நூற்றுக்கும் மேற்பட்ட வினாக்களுக்கு விடையளித்தார். அடுத்த மாதமே அவ்வரி நீக்கப்பட்டது. வணிகர்களின் எதிர்ப்பு முதலிய வேறு காரணங்களும் அதற்கு இருந்தன. ஆயினும் அவைக்கு வெளியிலிருந்து வந்த ஒருவர் உள்ளிருப்போர் அறியாததை எடுத்துரைத்தார் என்பதில் ஐயமில்லை. அவை வெளியாரைக் கேட்பதன் பயன் இதுவே. அது வெளியார்க்குக் காட்டும் சலுகை மட்டுமன்று. அவைக்கே கிடைக்கும் அறிவு.

பொறியாளர் எழுதிய கையேடு

உலகெங்கும் சங்கங்கள் பின்பற்றும் கூட்ட நடைமுறை நூல்களுள் பெயர்பெற்றது ‘ராபர்ட்டின் ஒழுங்கு விதிகள்’. இதனை எழுதிய ஹென்றி மார்ட்டின் ராபர்ட் வழக்கறிஞர் அல்லர். அமெரிக்கப் படையின் பொறியாளர். 1863ஆம் ஆண்டில் மாசச்சூசெட்சு மாநிலத்தின் நியூ பெட்போர்டு நகரில் தேவாலயக் கூட்டம் ஒன்றுக்குத் தலைமை தாங்குமாறு அவரைக் கேட்டனர். எப்படி நடத்துவதென்று அவருக்குத் தெரியவில்லை. கூட்டம் குழப்பத்தில் முடிந்தது. இனிமேல் நடைமுறை அறியாமல் எக்கூட்டத்திற்கும் செல்வதில்லை என உறுதிபூண்டு, பல ஆண்டுகள் படித்து, 1876இல் அந்நூலை வெளியிட்டார். தம் தோல்வியிலிருந்து பாடம் எழுதியவர் என்பதால் ஆசிரியர்களாகிய நமக்கு அவர்மீது தனி அன்பு தோன்றுவது இயல்பே.

இந்நடைமுறையின்படி, உறுப்பினர் அல்லாதவர்க்குக் கூட்டத்தில் பேசும் உரிமை கிடையாது. கூட்டத்தில் இருக்கும் உரிமைகூடக் கிடையாது. ஆயின் அவை விரும்பினால் அவர்க்கு இசைவு தரலாம். இங்கே ‘அவை’ என்பதே முதன்மையான சொல். தலைவர் ஒருவரின் விருப்பு வெறுப்பில் அது முடிந்துவிடுவதில்லை. உறுப்பினர் ஒருவர் எழுந்து, ‘இவர் பேச அவை இசைவு தர வேண்டுகிறேன்’ என்று கோரலாம்; அவையே அதனை முடிவு செய்யும்.

இதனைப் படித்தபோது என் நெஞ்சு சுருக்கென்றது. அன்று அந்தப் பாட்டிக்காக அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல இருநூறு பேர் இருந்தோம். நானும் இருந்தேன். ஆசிரியர் என்ற முறையில் நானும் அச்சங்கத்தின் உறுப்பினரே. அவரைத் தடுத்தது விதி மட்டுமன்று. விதி திறந்து வைத்திருந்த வாசலை அறியாத எங்கள் மௌனமும்தான்.

கதவு திறந்தது, வாய் திறக்கவில்லை

ஒரு சங்கம் தன் உறுப்பினர்க்கு மட்டும் பொறுப்புடையது. ஆயின் ஊராட்சி மன்றமும் பள்ளி வாரியமும் மக்கள் வரிப்பணத்தைச் செலவிடுபவை. அவை கதவை மூடிக்கொள்ளலாமா என்னும் வினா இருபதாம் நூற்றாண்டில் எழுந்தது.

பிரிட்டனில் வேல்ஸ் பகுதியின் டென்பி நகராட்சி, செய்தியாளர் ஒருவரைக் கூட்டத்திலிருந்து விலக்கியது. வழக்கு நீதிமன்றம் சென்றபோது, செய்தியாளர்க்கு உள்ளே இருக்க உரிமையில்லை எனத் தீர்ப்பாயிற்று. இதன் விளைவாக 1908ஆம் ஆண்டில் செய்தியாளரை அனுமதிக்கும் சட்டம் வந்தது. பொதுமக்களையும் அனுமதிக்க வேண்டும் என்னும் சட்டம் 1960இல்தான் நிறைவேறியது. அச்சட்ட முன்வரைவைக் கொண்டு வந்தவர் அப்போதுதான் நாடாளுமன்றத்திற்குப் புதிதாக வந்திருந்த மார்கரெட் தாட்சர் அம்மையார். நாடாளுமன்றத்தில் அவருடைய கன்னியுரையே இதைப் பற்றியதுதான். ஆயின் அச்சட்டம் தந்தது, உள்ளே அமர்ந்து கேட்கும் உரிமையே. பேசும் உரிமையை அது தரவில்லை.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலும் இதே வரிசையைக் காண்கிறோம். 1952இல் சான் பிரான்சிஸ்கோ நாளிதழ் ஒன்று, உள்ளாட்சி மன்றங்கள் மக்களுக்குத் தெரியாமல் கூடி முடிவெடுப்பதைப் பத்துக் கட்டுரைகளில் அம்பலப்படுத்தியது. அதன் பயனாக 1953இல் சட்டமன்ற உறுப்பினர் ரால்ப் பிரவுன் பெயரால் வழங்கும் பிரவுன் சட்டம் நிறைவேறியது. பள்ளி வாரியங்களும் அதற்கு உட்பட்டவை. அச்சட்டம் மக்களுக்குப் பேசும் உரிமையையும் தெளிவாக வழங்கியது 1986இல். அதாவது, கதவு திறந்து முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்தே உள்ளே வந்தவர் வாய் திறக்க முடிந்தது.

அவ்விதியின் நுட்பங்கள் நாம் அறியத்தக்கவை. ஒரு பொருளைப் பற்றி வாரியம் முடிவெடுப்பதற்கு முன்னரோ, ஆய்ந்துகொண்டிருக்கும் போதோ மக்கள் பேச வாய்ப்பளிக்க வேண்டும். முடிவெடுத்த பின்னர்க் கேட்பதில் பயனில்லை. ஒருவர்க்கு எத்தனை நிமிடம், ஒரு பொருளுக்கு மொத்தம் எவ்வளவு நேரம் என வாரியம் வரையறுக்கலாம். வாரியத்தின் கொள்கையையோ செயலையோ குறை கூறுவதைத் தடை செய்யக் கூடாது. நிகழ்ச்சி நிரலில் இல்லாத பொருளைப் பற்றி ஒருவர் பேசினால், அதன்மேல் அப்போதே முடிவெடுக்கக் கூடாது. ஏனெனில் அப்பொருள் வரும் என அறியாமல் வீட்டிலிருப்பவர்க்கு அது அநீதியாகும். 2016இல் இன்னொரு திருத்தமும் செய்தனர். மொழிபெயர்ப்பாளரின் துணையோடு பேசுபவர்க்கு இரு மடங்கு நேரம் தர வேண்டும். தாய்மொழியில் மட்டுமே மனம் திறக்க முடிந்த பெற்றோரை நாள்தோறும் காணும் நமக்கு, இவ்விதியின் அருமையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

மேடிசன் நகரத்து ஆசிரியர்

இவ்வரலாற்றில் ஆசிரியர்களுக்கு மிகவும் நெருக்கமான நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1971ஆம் ஆண்டு, விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரில் பள்ளி வாரியத்திற்கும் ஆசிரியர் தொழிற்சங்கத்திற்கும் இடையே ஊதிய ஒப்பந்தப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. சங்கத்தில் சேராத ஆசிரியர்களும் சங்கச் செலவுக்குப் பணம் செலுத்த வேண்டும் என்பது சங்கத்தின் கோரிக்கைகளுள் ஒன்று.

டிசம்பர் 6ஆம் நாள் வாரியம் பொதுக்கூட்டம் நடத்தியது. சங்கத் தலைவர் பேசினார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் கையொப்பமிட்ட விண்ணப்பத்தை முன்வைத்தார். அடுத்து, சங்கத்தில் சேராத ஆசிரியர் ஒருவர் எழுந்தார். ஏறத்தாழ இரண்டரை நிமிடம் பேசினார். இக்கோரிக்கையைப் பலர் இன்னும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. நடுநிலையான குழு ஒன்று ஆராயும் வரை முடிவைத் தள்ளி வையுங்கள் என்பதே அவர் சொன்னதன் சாரம். பிறகு அமர்ந்துவிட்டார்.

அந்த இரண்டரை நிமிடம் ஐந்தாண்டு வழக்காயிற்று! ஆசிரியர் சார்பில் பேசும் உரிமை தனக்கு மட்டுமே உண்டு. வேறோர் ஆசிரியரைப் பேசவிட்டது சட்டமீறல் என்று சங்கம் முறையிட்டது. மாநிலத் தொழிலுறவு ஆணையம் அதனை ஏற்றது. சங்கப் பிரதிநிதி அல்லாத ஆசிரியர்களை இத்தகைய பொருள்கள் குறித்துப் பேசவிடக் கூடாதென வாரியத்திற்கு ஆணையிட்டது. மாநில உச்ச நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. 1976ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதனை மாற்றியது. தலைமை நீதிபதி வாரன் பர்கர் எழுதிய தீர்ப்பின் கருத்து இது: அவ்வாசிரியர் வாரியத்தோடு பேரம் பேசவில்லை, ஒரு குடிமகனாக ஊர்ப்பொதுச் செய்தி பற்றித் தம் கருத்தைச் சொன்னார். பொதுமக்களுக்குக் கூட்டத்தைத் திறந்துவிட்ட பிறகு, பேச வருபவர் யாரிடம் வேலை செய்கிறார், என்ன சொல்லப் போகிறார் என்று பார்த்து வேறுபாடு காட்டக் கூடாது.

அதே தீர்ப்பின் அடிக்குறிப்பு ஒன்றும் கருதத்தக்கது. வாரியம் விரும்பினால் ஒரு கூட்டத்தைக் குறிப்பிட்ட பொருளுக்கு மட்டும் வரையறுக்கலாம். சில பணிகளைத் தனியவையில் நடத்தலாம். கதவை எப்போது திறப்பது என்பதில் வாரியத்திற்கு இடமுண்டு. திறந்த பின்னர், பிடித்தவரைப் பேசவிட்டுப் பிடிக்காதவரை அமர்த்துவதற்குத்தான் இடமில்லை.

பேசலாம், கேட்க வைக்க முடியுமா?

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1984இல் அதே உச்ச நீதிமன்றம், மின்னசோட்டா மாநிலக் கல்லூரி ஆசிரியர்களின் வழக்கில் வேறொரு தீர்ப்பு வழங்கியது. சங்கத்தில் சேராத ஆசிரியர்கள், நிர்வாகம் சங்கத்தோடு நடத்தும் கலந்துரையாடல்களில் தமக்கும் இடம் வேண்டும் என்றனர். அவை பொதுமக்களுக்குத் திறந்த கூட்டங்கள் அல்ல. பேசும் உரிமை உண்டு என்பதனால், அரசாங்கம் உட்கார்ந்து கேட்டே ஆக வேண்டும் என்னும் உரிமை வந்துவிடாது என நீதிமன்றம் கூறிவிட்டது.

கேட்பதைச் சட்டத்தால் கட்டாயப்படுத்த முடியாது. வகுப்பறையில் முப்பது பிள்ளைகளை முன்னே வைத்திருக்கும் நாம் இதனை அறிவோம். காதைத் திறப்பது பண்பாடு. அதைச் சட்டம் செய்ய இயலாது. ஆகவேதான் நல்ல விதிகள், பேசியதற்குப் பின் என்ன நடக்க வேண்டும் என்பதையும் எழுதி வைக்க வேண்டியுள்ளது.

ஆசிரியரின் பெயர் சொல்லப்படும்போது

ஆசிரியர்களின் அச்சம் ஒன்றையும் இங்கே பேசாமல் விடுவது நேர்மையன்று. வெளியாரைப் பேசவிட்டால், ஒரு பெற்றோர் எழுந்து எல்லார் முன்னிலையிலும் ஆசிரியர் ஒருவரின் பெயரைச் சொல்லிக் குற்றம் சாட்டினால் என்ன செய்வது? அந்த ஆசிரியர் அங்கே இல்லாதிருக்கலாம்; குற்றச்சாட்டு உண்மையாக இல்லாதிருக்கலாம்.

கலிபோர்னியாவின் மொரேனோ வேலி பள்ளி வாரியம் இதற்கென்றே ஒரு விதி வைத்திருந்தது. பொதுக்கூட்டத்தில் ஊழியர்மீது குறைகூறக் கூடாது என்பது அவ்விதி. 1996இல் கூட்டாட்சி நீதிமன்றம் அதனைத் தடுத்தது. பொது ஊழியரைப் பாராட்ட இடமுண்டு, குறைகூற இடமில்லை என்பது பேச்சுரிமைக்கு முரண் என்பதே காரணம். மாசச்சூசெட்சில் சவுத்பரோ என்னும் ஊர், பேசுவோர் பணிவோடும் மரியாதையோடும் மட்டுமே பேச வேண்டும் என விதி வகுத்திருந்தது. அம்மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் 2023இல் அதுவும் செல்லாது என்றது. அமைதியாகக் கூடிக் குறைகளை முறையிடும் உரிமையை அம்மாநிலத்தின் 1780ஆம் ஆண்டு அரசமைப்பு மக்களுக்கு வழங்கியிருப்பதை அது நினைவூட்டியது. பேச்சு நேரத்தை வரையறுக்கலாம். இடையூறு செய்வதைத் தடுக்கலாம். ஆயின் இனிமையாகப் பேசுபவர்க்கே அவையென்று சொல்ல முடியாது.

இவை அமெரிக்க நாட்டுத் தீர்ப்புகள். நம் பள்ளிகளைக் கட்டுப்படுத்துவன அல்ல. நம் மரபில் அவையடக்கம் என்பது உயர்ந்த பண்பு. ஓர் ஆசிரியரையோ மாணவரையோ பற்றிய தனிமுறையீட்டைத் தலைமையாசிரியரின் அறையில், இரு தரப்பையும் அழைத்து விசாரிப்பதே முறை என்பது என் கருத்து. பொய்க்குற்றச்சாட்டால் மனம் நொந்த சக ஆசிரியரை நான் கண்டிருக்கிறேன். ஆயின் ‘அவையடக்கம்’ என்னும் பெயரால், பள்ளியின் நடைமுறையில் உள்ள குறையைச் சொல்ல வருபவரையும் சேர்த்து அடக்கிவிடுகிறோமா என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆசிரியரின் மானத்தைக் காப்பது வேறு. குறையை மறைப்பது வேறு.

நம் பள்ளிகளுக்கு உகந்தவை

நம் நாட்டில் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் 1998ஆம் ஆண்டின் கல்வி ஒழுங்குவிதிகளின்கீழ் இயங்குகின்றன. எனவே பின்வருவன அவ்விதிகளுக்கு உட்பட்டுச் செயலவைகள் கலந்து பேசத்தக்க எளிய கருத்துகளே.

முதலாவது, நிகழ்ச்சி நிரலில் ‘அவையோர் கருத்து’ என ஓர் அங்கத்தைத் தீர்மானங்களுக்கு முன்னால் வைக்கலாம். எல்லாரும் வீட்டுக்குப் புறப்படத் தயாராகும் நேரத்தில் வரும் ‘பொது’ அங்கம் போதாது.

இரண்டாவது, பேச விரும்புவோர் கூட்டம் தொடங்குமுன் செயலாளரிடம் பெயரும் பொருளும் தரலாம். எழுதத் தெரியாதவர்க்கு ஆசிரியர் ஒருவர் எழுதித் தரலாம்.

மூன்றாவது, ஒருவர்க்கு மூன்று நிமிடம் என்றால் எல்லார்க்கும் மூன்று நிமிடம். தொகுதிப் பிரமுகர்க்கும் அதே கணக்கு. தோட்டத்திலிருந்து வந்த பாட்டிக்கும் அதே கணக்கு. மேடிசன் வழக்கு நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுதான்.

நான்காவது, உறுப்பினர் அல்லாதவர் கருத்துச் சொல்லலாம். முன்மொழியவோ வழிமொழியவோ வாக்களிக்கவோ இயலாது. இந்த வேறுபாட்டைத் தொடக்கத்திலேயே தலைவர் விளக்கிவிட்டால் சச்சரவுக்கு இடமிராது.

ஐந்தாவது, சொல்லப்பட்டதன்மேல் அங்கேயே முடிவெடுக்க வேண்டியதில்லை. ஆயின் யார் கவனிப்பார், எப்போது விடை சொல்வார் என்பது கூட்டக் குறிப்பில் இடம்பெற வேண்டும்.

ஆறாவது, தனிமனிதரைப் பற்றிய முறையீட்டுக்குத் தனி வழியும் தனி நேரமும் உண்டு என்பதை அறிவிக்க வேண்டும். வழியைக் காட்டாமல் வாயை மட்டும் அடைத்தல் கூடாது.

நிறைவாக ஒரு செய்தி. இக்கட்டுரைக்காகப் படிக்கும்போது நம் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் விளக்கப் பகுதியையும் பார்த்தேன். ‘பெற்றோர்’ என்னும் சொல்லுக்கு அச்சட்டம் தரும் பொருளில் பாதுகாவலரும், பிள்ளையை உண்மையில் தம் பொறுப்பில் வைத்திருப்பவரும் அடங்குவர். பேரப்பிள்ளைகளைக் குளிப்பாட்டி, உணவூட்டி, விடியுமுன் பேருந்தில் ஏற்றி அனுப்பியவர் அந்தப் பாட்டிதான். அப்படியானால், ‘நீங்கள் உறுப்பினர் இல்லையே’ என்று அன்று நாங்கள் சொன்னதே சரிதானா? அவரை வெளியார் என்று ஒதுக்குமுன், அவர் வெளியார்தானா என்று ஒரு முறையேனும் பார்த்திருக்க வேண்டும். இருநூறு பேரில் ஒருவரும் பார்க்கவில்லை.

அந்தப் பாட்டி இன்று நம்மிடையே இல்லை. பேரப்பிள்ளைகள் இடைநிலைப்பள்ளியையும் கடந்துவிட்டனர். அந்தக் கூட்டக் குறிப்பு மட்டும் அப்பள்ளியின் கோப்பில் இன்னும் இருக்கும். ‘வேறு கேள்விகள் எழவில்லை’ என்னும் வாக்கியம் என் கையெழுத்தில் இருக்கும். அது உண்மையன்று. ஒரு கேள்வி எழுந்தது. நாங்கள் அதனை அமரச் சொன்னோம். அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் குறிப்பெழுதும் இளைய ஆசிரியர் எவரேனும் இதனைப் படிக்க நேர்ந்தால், பின்வரிசையை ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுப் பிறகு அந்த வாக்கியத்தை எழுதுமாறு அன்புடன் வேண்டுகிறேன்.

உங்கள் பள்ளிகளில் இது எவ்வாறு நடைபெறுகிறது என்பதை அறிய ஆவலாய் உள்ளேன். மீண்டும் சந்திப்போம்.